வானியல் கணக்கில் உதவி கேட்பது: இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தவை

இயற்பியல் படிக்கும்போது வானியலை விருப்பப் பாடமாக எடுத்தேன். விரிவுரைகள் சுகமாகப் போயின. வாரம் ஒருமுறை வந்த அசைன்மென்ட் தாள்தான் ஆளை உட்காரவைத்தது. வகுப்பில் கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தாளைக் கையில் எடுத்தால் முதல் வரியை எங்கே தொடங்குவது என்றே தெரியாது. சீனியர்கள், வகுப்புத் தோழர்கள், பேராசிரியர் என்று நிறையப் பேரிடம் உதவி கேட்டிருக்கிறேன். பிறகு ஆய்வு மாணவியாகச் சேர்ந்ததும், அதே பாடத்துக்கு ஜூனியர்களின் சந்தேகங்களைத் தீர்க்கும் உதவி வகுப்பு என் பொறுப்பில் வந்தது. எந்த உதவி மனதில் தங்கியது, எது அந்த வாரத்து மதிப்பெண்ணோடு போய்விட்டது என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

உதவி வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: “அக்கா, நாலாவது கணக்கு வரலை.” இதற்கு நான் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டலாம், அல்லது “எந்த இடத்துல நிக்குது?” என்று திருப்பிக் கேட்கலாம். திருப்பித்தான் கேட்பேன். சிலருக்கு அங்கேயே வழி திறந்துவிடும். எங்கே நின்றது என்று சொல்லப் பார்க்கும்போதுதான், கேள்வியின் இரண்டாவது பத்தியை இன்னும் படிக்கவே இல்லை என்பது தெரியவரும். மற்றவர்கள் நோட்டைத் திறந்து காட்டுவார்கள். அதில் ஏதாவது எழுதியிருந்தால் போதும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த வரியில் வழி மாறியது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வெறும் தாளோடு வருகிறவருக்கு உதவுவதுதான் கஷ்டம். அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஒரு கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உதவி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் அதில்தான் பார்த்தேன். அநேகமாக எல்லா வானியல் அறிமுகப் பாடத்திலும் வரும் கணக்கு அது. சூரிய ஒளி பூமிக்கு வந்து சேரும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட். அதில் 30 சதவீதத்தைப் பூமி திருப்பி அனுப்பிவிடுகிறது. மீதியை உறிஞ்சி, அதே அளவு ஆற்றலை வெப்பக் கதிராக வெளிவிடுகிறது. வளிமண்டலத்தின் விளைவு இல்லை என்று வைத்துக்கொண்டால் பூமியின் வெப்பநிலை என்ன?

நான் போட்டபோது 360 கெல்வின் வந்தது. அதாவது 87 டிகிரி செல்சியஸ். தப்பு என்பது பார்த்தாலே தெரிகிறது. எங்கே தப்பு என்பது தெரியவில்லை. வெளிவிடும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்னும் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மேன் விதி சரி, மாறிலி சரி, கால்குலேட்டரும் சரி. வகுப்புத் தோழி ஒருத்தியிடம் காட்டினேன். அவள் என் வரிகளை ஒன்றும் திருத்தவில்லை. “சூரியன்ல உட்கார்ந்து பூமியைப் பார்த்தா என்ன வடிவமாத் தெரியும்?” என்று மட்டும் கேட்டாள்.

வட்டம். தட்டையான ஒரு வட்டம். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. ஒளியைப் பிடிக்கும் பரப்பு அந்த வட்டத்தின் பரப்பு: பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். வெப்பத்தை வெளிவிடும் பரப்பு முழுக் கோளம், அதாவது அதைப்போல நான்கு மடங்கு. பூமி சுழல்கிறது, காற்றும் கடலும் வெப்பத்தைப் பரப்புகின்றன, அதனால் இரவுப் பக்கமும் கதிர்வீசுகிறது. நான்கால் வகுத்துப் போட்டால் 255 கெல்வின், சுமார் மைனஸ் 18 டிகிரி. பூமியின் உண்மையான சராசரி 15 டிகிரிக்குப் பக்கத்தில். இடையில் இருக்கும் 33 டிகிரி பசுமைக்குடில் விளைவின் வேலை.

அவள் அன்று “நாலால வகுக்க மறந்துட்டே” என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்குக்கு அது போதும். ஆனால் அந்த நான்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்திருக்காது; அடுத்த கணக்கில், தன் ஒரே முகத்தைச் சூரியன் பக்கம் காட்டிக்கொண்டிருக்கும் கோள் வந்தபோது அதற்கும் நான்கையே போட்டிருப்பேன்.

இதே கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. நான் உதவி செய்யும் பக்கம் வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன். வெளிவிடும் பரப்பை அரைக்கோளம் என்று எடுத்துக்கொண்டால் 303 கெல்வின் வரும், 30 டிகிரி செல்சியஸ். வருகிறவர் முகத்தில் திருப்தி தெரியும், ஏனென்றால் 30 டிகிரி என்பது நாம் தினமும் பார்க்கிற எண். சரியான விடையான மைனஸ் 18-தான் அவருக்குத் தப்பாகத் தெரியும். அந்த அரைக்கோளத்தை எழுதியவர் மேலே எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருப்பார். “விடை நம்பற மாதிரி இருக்கா?” என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். வளிமண்டலத்தைத் தள்ளிவைத்துப் போட்ட கணக்கு, வளிமண்டலத்தோடு இருக்கும் பூமியின் வெப்பநிலையைத் தந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது.

பேராசிரியருக்கோ சீனியருக்கோ எழுதும்போது, இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டால், நான் எதிர்பார்க்கும் செய்தி இப்படி இருக்கும்: “வணக்கம் சார். இரண்டாம் தாளின் நாலாவது கணக்கில் உறிஞ்சும் பரப்பை வட்டமாகவும் வெளிவிடும் பரப்பை அரைக்கோளமாகவும் எடுத்தேன். 303 கெல்வின் வருகிறது. இரவுப் பக்கத்தையும் சேர்க்க வேண்டுமா என்பதுதான் சந்தேகம். போட்டதைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.” இதற்குப் பதில் எழுத ஒரு நிமிடம் போதும். “சார், நாலாவது கணக்கு புரியவில்லை, உதவவும்” என்பதற்கு அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரம் கிடைக்கும்வரை செய்தி அப்படியே கிடக்கும். பேராசிரியருக்கு மனமில்லை என்று நினைக்க வேண்டாம்.

எனக்குக் கிடைத்த உதவிகளில் மிகப் பெரியது ஒரு சீனியர் அண்ணா கற்றுக்கொடுத்த விகிதப் பழக்கம். எந்த விண்மீன் கணக்கிலும் நேரடியாக மாறிலிகளைப் போடாதே, முதலில் சூரியனால் வகு என்பார். ஒரு விண்மீன் சூரியனைப்போல 10,000 மடங்கு ஒளிர்வு உடையது, அதன் மேற்பரப்பு வெப்பநிலை சூரியனுடையதில் பாதி, ஆரம் என்ன? ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மேன் மாறிலியையும் சூரியனின் வாட் கணக்கையும் எழுதி, பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டி, அரைப் பக்கம் போனபிறகு ஏதோ ஓர் அடுக்கு விட்டுப்போகும். வகுத்துவிட்டால் ஒளிர்வு விகிதம் என்பது ஆர விகிதத்தின் வர்க்கம் பெருக்கல் வெப்பநிலை விகிதத்தின் நான்காம் அடுக்கு. அரையின் நான்காம் அடுக்கு பதினாறில் ஒன்று. ஆகவே ஆரத்தின் வர்க்கம் 1,60,000. ஆரம் சூரியனைப்போல 400 மடங்கு. மனக்கணக்கு. அண்ணா அதோடு விடமாட்டார், “அதைச் சூரியன் இருக்கிற இடத்துல வச்சா எதுவரைக்கும் வரும்?” என்பார். சுமார் 1.86 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரி தூரம் ஓர் அலகு). செவ்வாயின் பாதை 1.52-இல் இருக்கிறது, அதையும் விழுங்கிவிடும். சிவப்புப் பெருமீன்கள் அந்த அளவுக்கு இருப்பவைதான், ஆகவே விடையை நம்பலாம்.

கெப்ளரின் மூன்றாம் விதியிலும் இதே கதைதான். காலத்தை ஆண்டிலும் தூரத்தை வானியல் அலகிலும் நிறையைச் சூரிய நிறையிலும் வைத்துக்கொண்டால் ஈர்ப்பு மாறிலியும் வேண்டாம், நான்கு பை வர்க்கமும் வேண்டாம்: காலத்தின் வர்க்கம் பெருக்கல் நிறை, தூரத்தின் கனத்துக்குச் சமம். வியாழன் 5.2 அலகில் இருக்கிறது; கனம் 140.6, வர்க்கமூலம் 11.86 ஆண்டு. இரட்டை விண்மீன் வந்தால் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: விதியில் வருவது இரண்டின் மொத்த நிறை. சிரியஸும் அதன் வெண்குள்ளத் துணையும் ஒன்றையொன்று சுற்ற சுமார் 50 ஆண்டு ஆகிறது, பாதையின் அரைப் பேரச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீண்ட விட்டத்தில் பாதி, 20 அலகுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்த நிறை சூரியனைப்போல மூன்று மடங்குக்குச் சற்று மேலே வரும். அந்த மூன்றையும் சிரியஸின் நிறை என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களை எல்லா வருடமும் பார்க்கிறேன். தனித்தனி நிறை வேண்டுமென்றால், பொது நிறைமையத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற தகவலும் வேண்டும். அது கேள்வியிலேயே எங்கோ ஒரு மூலையில் கொடுக்கப்பட்டிருக்கும்.

அலகு என்றதும் இன்னொன்று. வானியலில் சென்டிமீட்டர்–கிராம்–நொடி முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. புத்தகம் அந்த முறையின் ஆற்றல் அலகான எர்க்கில் பேசும், வகுப்புக் குறிப்பு ஜூலில் பேசும். உதவி கேட்கும்போது எந்த முறையில் போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். விடை சரியாகப் பத்து லட்சம், ஒரு கோடி மடங்கு தள்ளிப் போனால் இயற்பியலைத் தேட வேண்டாம், அலகைத் தேடுங்கள். சூரியனின் ஒளிர்வு ஜூல் கணக்கில் நொடிக்கு 3.828 பெருக்கல் பத்தின் 26-ஆம் அடுக்கு. எர்க் கணக்கில் 33-ஆம் அடுக்கு. அந்த ஏழு அடுக்குதான் பல பேரின் மாலைப்பொழுதைத் தின்றிருக்கிறது.

விண்மீனின் பிரகாசத்தைக் குறிக்கும் பொலிவெண், அதாவது மேக்னிட்யூட், தனி வேதனை. பிரகாசம் கூடினால் எண் குறையும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. போதாததற்கு லாக் வேறு. இதை 1856-இல் இந்த வடிவத்தில் வரையறுத்தவர் நார்மன் பாக்ஸன். பழங்காலத்தில் கண்ணால் பார்த்துப் பிரித்த ஆறு தரங்களை ஒட்டி அவர் அமைத்ததால் பழைய பழக்கமும் கூடவே வந்துவிட்டது. இதில் உதவி கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஐந்தாம் பொலிவெண் உள்ள இரண்டு விண்மீன்கள் ஒட்டி இருந்து ஒன்றாகத் தெரிந்தால் மொத்தப் பொலிவெண் என்ன? பத்து என்று சொன்னால் சூத்திரத்துக்கே போவதில்லை, முதலில் ஒளியைக் கூட்டச் சொல்லுவேன். இரண்டு மடங்கு ஒளி, ஆகவே சுமார் 0.75 குறையும், விடை 4.25. பொலிவெண்ணைக் கூட்டக் கூடாது, ஒளியைக் கூட்டிவிட்டுத் திரும்பப் பொலிவெண்ணாக மாற்ற வேண்டும் என்பது புரிந்துவிட்டால் அந்தப் பாடத்தின் பாதி முடிந்தது. தூரம் சேர்ந்த கணக்குக்குச் சிரியஸையே வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்: தோற்றப் பொலிவெண் மைனஸ் 1.46, தூரம் 2.64 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), தனிப் பொலிவெண், அதாவது 10 பார்செக் தூரத்தில் வைத்தால் வரும் பொலிவெண், 1.4-க்குப் பக்கத்தில். உங்கள் சூத்திரத்தில் இது வரவில்லை என்றால் கூட்டல் கழித்தல் குறி எங்கோ புரண்டிருக்கிறது.

வானக் கோளம் பற்றிய கணக்குகளுக்கு ஆளைவிட மென்பொருள் நல்ல உதவி என்பது என் கருத்து. ஸ்டெல்லேரியம் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு விண்மீன் உச்சியைக் கடக்கும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்ற கணக்கைத் தாளில் போட்டுவிட்டு, அதே அட்சரேகையை அதில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். விண்மீன் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதை வேகமாக ஓட்டிப் பார்த்தவருக்கு, நட்சத்திர நாள் ஏன் 23 மணி 56 நிமிடம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. செவ்வாய் மறுபடி சூரியனுக்கு நேர் எதிரே வர சுமார் 780 நாள் ஆகும் என்ற கணக்கையும் அதில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒன்று மட்டும்: படத்தை நீங்களும் ஒருமுறை கையால் வரைய வேண்டும். திரையில் பார்த்தது தேர்வு அறையில் கைகொடுப்பதில்லை.

சாட்பாட்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, இப்போது எல்லோரும் முதலில் போவது அங்கேதான். நானே பயன்படுத்துகிறேன். “இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படி வந்தார்கள்?” என்று கேட்டால் பொறுமையாக விளக்கும், அதுவும் நள்ளிரவில், முகம் சுளிக்காமல். முழுக் கணக்கையும் கொடுத்து விடை கேட்டால்தான் சிக்கல். பூமியிலிருந்து செவ்வாய்க்குக் குறைந்த ஆற்றலில் போகும் ஹோமன் பாதைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்ற கணக்குக்கு, சாட்பாட் தந்தது என்று ஒரு மாணவர் 517 நாள் என எழுதிக்கொண்டு வந்தார். அது நீள்வட்டம் முழுவதையும் சுற்றும் காலம். கலம் போவது பாதிச் சுற்றுதான், சுமார் 259 நாள். விளக்கம் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நம்பிக்கையோடு எழுதப்பட்டிருந்தது. படம் வரைந்திருந்தால் ஒரு நொடியில் பிடிபட்டிருக்கும். ஆரமா விட்டமா, பாதியா முழுதா, இதை மட்டும் இன்னொருவரிடம் விட்டுவிடாதீர்கள், அது மனிதராக இருந்தாலும் சரி.

உதவி கிடைத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதும் இருக்கிறது. எங்கள் பேராசிரியர் சேர்ந்து யோசிக்க அனுமதித்தார், எழுதுவது தனித்தனியாக இருக்க வேண்டும் என்றார், யாரிடம் உதவி பெற்றோம் என்று தாளின் மேலே ஒரு வரி எழுதச் சொன்னார். ஒவ்வொரு பாடத்துக்கும் விதி மாறும், முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. நான் செய்தது இது: யாராவது விளக்கியதும் அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு, சாப்பிட்டோ நடந்தோ வந்தபிறகு வெறும் தாளில் மறுபடி போடுவேன். பாதியில் நின்றால் புரியவில்லை என்று அர்த்தம். நிற்காமல் போனால் எண்களை மாற்றிப் பார்ப்பேன். பூமிக்குப் பதில் செவ்வாய்: சதுர மீட்டருக்கு 590 வாட், திருப்பி அனுப்புவது 25 சதவீதம். 210 கெல்வின் வர வேண்டும். விடைகள் அச்சிட்ட கையேடு கிடைத்தாலும் அதை இதற்குத்தான் வைத்துக்கொள்வேன், கடைசி வரியைச் சரிபார்க்க.

சில சமயம் உதவியே தேவையில்லாத இடத்திலும் பதறிப்போய் வருவார்கள். அண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹப்பிள் மாறிலியிலிருந்து ஒரு காலத்தை நூறு கோடி ஆண்டுகளில் கண்டுபிடிக்கும் கணக்கு அப்படி. “விடைத்தாள்ல 14.0-ன்னு இருக்கு, எனக்கு 13.4 வருது, எங்க தப்பு?” என்று ஒருவர் கேட்டார். தப்பே இல்லை. மாறிலிக்கு அவர் எடுத்த மதிப்பு 73, விடைத்தாள் எடுத்தது 70. அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் அண்ட நுண்ணலைப் பின்னணியை வைத்து அளந்தால் 67-ஐ ஒட்டி வருகிறது, விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் வைத்துத் தூரத்தைப் படிப்படியாக அளந்தால் 73-ஐ ஒட்டி வருகிறது. இந்த இடைவெளியை ஆராய்ச்சியாளர்களே இன்னும் தீர்க்கவில்லை. எந்த மதிப்பை எடுத்தீர்கள் என்று முதல் வரியில் எழுதிவிட்டால் திருத்துகிறவருக்கும் புரியும். இதில் கிடைப்பது மாறிலியின் தலைகீழ் என்பதையும், அண்டத்தின் வயது அதுவேதான் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

அப்புறம், கேள்வியே தப்பாக இருக்கும் வாய்ப்பை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒருமுறை ஒரு ஜூனியர் பெண் மிகவும் சோர்ந்துபோய் வந்தாள். ஒரு விண்மீனின் இடமாறு தோற்றக் கோணம், அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம், 0.75 ஆர்க்மினிட் (ஒரு ஆர்க்மினிட் என்பது 60 ஆர்க்செகண்ட்) என்று தாளில் இருந்தது. தூரம் 0.022 பார்செக் வந்தது, அதாவது சுமார் 4,600 வானியல் அலகு. திரும்பத் திரும்பப் போட்டும் அதேதான். தன்னிடம்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டாள். சூரியனுக்கு அடுத்து மிக அருகில் இருக்கும் பிராக்ஸிமா சென்டாரிக்கே அந்தக் கோணம் 0.77 ஆர்க்செகண்ட்தான்; ஒரு ஆர்க்செகண்டைத் தொடும் விண்மீன் ஒன்றுகூடக் கிடையாது. ஃபிரெட்ரிக் பெஸல் 1838-இல் முதன்முதலாக நம்பத்தக்க வகையில் அளந்து வெளியிட்டதும் ஒரு ஆர்க்செகண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அவள் கணக்கு சரி, தாளில் அலகு தப்பு. “நீயே சார்கிட்ட போய்ச் சொல்லு, பிராக்ஸிமா எண்ணையும் எழுதி எடுத்துட்டுப் போ” என்றேன். தயங்கித் தயங்கித்தான் போனாள். அன்று மாலையே வகுப்பு முழுவதற்கும் திருத்தம் வந்தது, கூடவே அந்தக் கணக்குக்கு இரண்டு நாள் கூடுதல் அவகாசமும்.